காமிக்ஸ் 'கிராஸ்ஓவர்': புதியவர்களுக்கு இது வாசலா, சுவரா?

'கேப்டன் அமெரிக்கா: சிவில் வார்' படத்தை ஓடிடியில் பார்த்து முடித்த ஒருவருக்கு, இதன் மூலக்கதையான காமிக்ஸையும் படித்துவிடலாமே என்று தோன்றுகிறது. செல்போனில் தேடுகிறார். முதன்மைத் தொடர் வெறும் 7 இதழ்கள்தான். 'அட, ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியத்துக்குள்ள முடிச்சிடலாமே' என்று நினைக்கும்போதே இன்னொரு பட்டியல் கண்ணில் படுகிறது. அந்தக் கதையோடு தொடர்புடைய மற்ற இதழ்கள் என்று கிட்டத்தட்ட நூறு வரிசைகட்டி நிற்கின்றன. எதை முதலில் படிப்பது? எதை விட்டால் கதை புரியாது? பத்து நிமிடம் குழம்பிவிட்டு, செல்போனைக் கீழே வைத்துவிடுகிறார்.

சூப்பர் ஹீரோ காமிக்ஸ் உலகம் தனக்கு வரவேண்டிய வாசகர்களை இப்படித்தான் இழக்கிறது. இத்தனைக்கும், ஒவ்வொரு பெரிய 'கிராஸ்ஓவர்' வெளியாகும்போதும் பதிப்பகங்கள் தரும் வாக்குறுதி ஒன்றுதான்: 'புதியவர்கள் இங்கிருந்தே தொடங்கலாம், பல வருடங்களுக்கு முன்னால் படிப்பதை நிறுத்தியவர்களும் இங்கே திரும்பி வரலாம்.'

இந்த வாக்குறுதி உண்மையா? சுருக்கமான பதில்: புதியவர்களுக்கு, பெரும்பாலும் இல்லை. விட்டுப் போனவர்களுக்கு, சில நிபந்தனைகளோடு, ஆம். ஏன் இந்த வித்தியாசம் என்பதைக் கொஞ்சம் விரிவாகப் பார்க்கலாம்.

கிராஸ்ஓவர் என்றால் என்ன?

மார்வெல், டிசி ஆகிய இரண்டு அமெரிக்கப் பதிப்பகங்களிலும் ஒவ்வொரு நாயகருக்கும் தனித்தனி மாத இதழ் உண்டு. ஸ்பைடர்மேனுக்கு ஒன்று, தோருக்கு ஒன்று, பேட்மேனுக்கு ஒன்றுக்கும் மேல். ஆனால், ஒரு பதிப்பகத்தின் நாயகர்கள் எல்லாரும் ஒரே உலகத்தில்தான் வாழ்கிறார்கள். அவ்வப்போது எல்லாரையும் ஒரே ஆபத்துக்கு எதிராகவோ, ஒருவருக்கு எதிராக இன்னொருவரையோ நிறுத்தும் பெரிய கதை வரும். அதற்கென்று ஒரு முதன்மைத் தொடர் வெளியாகும். அதே மாதங்களில் மற்ற நாயகர்களின் சொந்த இதழ்களும் அந்தக் கதையின் ஒரு கிளையைச் சொல்லும். அந்தக் கிளை இதழ்களுக்கு 'டை-இன்' என்று பெயர். மொத்தமும் சேர்ந்ததுதான் 'கிராஸ்ஓவர் ஈவென்ட்'.

தமிழ் சினிமா பார்ப்பவர்களுக்கு இது அந்நியமான விஷயம் இல்லை. 2022-ல் வந்த 'விக்ரம்' படத்தை, 2019-ல் வந்த 'கைதி'யைப் பார்க்காதவர்களும் ரசித்தார்கள். ஆனால் கடைசியில் டில்லியின் பெயர் அடிபட்டபோது விசில் அடித்தவர்கள் 'கைதி' பார்த்தவர்கள்தான். பக்கத்து சீட்டில் இருந்த மற்றவர், 'யாருப்பா அது?' என்று கேட்டிருப்பார். அங்கே முன்கதையாகத் தெரிந்திருக்க வேண்டியது ஒரே ஒரு படம். காமிக்ஸ் கிராஸ்ஓவரில் அது பல நூறு இதழ்கள்.

பொம்மை விற்க வந்த கதை

இந்த வகைக் கதைகளுக்குப் பெரிய சந்தை இருக்கிறது என்று காட்டியது, 1984-ல் மார்வெல் தொடங்கிய 'சீக்ரெட் வார்ஸ்'. மேட்டல் நிறுவனம் மார்வெல் நாயகர்களை வைத்து பொம்மைகள் தயாரிக்க முன்வந்தது. அந்த விற்பனைக்குத் துணையாக ஒரு பெரிய கதை வேண்டும் என்று கேட்டது. அப்போது மார்வெலின் தலைமை ஆசிரியராக இருந்த ஜிம் ஷூட்டரே 12 இதழ்களையும் எழுதினார். நாயகர்களையும் வில்லன்களையும் தொலைதூர கிரகம் ஒன்றுக்குத் தூக்கிப்போய் மோதவிடுவதுதான் கதை. பின்கதை அதிகம் தெரியாமலேயே படித்துவிடலாம்.

ஆனால் அதிலேயே ஒரு தந்திரமும் இருந்தது. நாயகர்கள் கிளம்பிப் போன மறு மாதமே, அவர்களுடைய சொந்த இதழ்களில் திரும்பி வந்துவிட்டார்கள். 'அமேசிங் ஸ்பைடர்மேன்' 252-வது இதழில் ஸ்பைடர்மேன் கறுப்பு உடையில் வந்து நின்றார். அந்த உடை எங்கிருந்து வந்தது? அதைத் தெரிந்துகொள்ள 'சீக்ரெட் வார்ஸ்' 8-வது இதழ் வரை, பல மாதங்கள் காத்திருக்க வேண்டும். (பின்னாளில் 'வெனம்' என்ற வில்லன் பிறந்தது அந்த உடையிலிருந்துதான்.) ஒரு இதழில் கேள்வி, இன்னொரு இதழில் பதில். இரண்டையும் வாங்கினால்தான் கதை முழுமையாகும். அன்றிலிருந்து இன்று வரை கிராஸ்ஓவரின் அடிப்படை வியாபாரம் இதுதான்.

புதியவர்களுக்காகவே அழிக்கப்பட்ட உலகங்கள்

அடுத்த ஆண்டு, 1985-ல், டிசி தன்னுடைய 50-வது ஆண்டையொட்டி 'கிரைசிஸ் ஆன் இன்ஃபினிட் எர்த்ஸ்' என்ற 12 இதழ் தொடரைத் தொடங்கியது. எழுத்து மார்வ் வுல்ஃப்மேன், ஓவியம் ஜார்ஜ் பெரெஸ். இதன் நோக்கமே புதியவர்களுக்கு வழி விடுவதுதான். டிசி கதைகளில் அதற்குள் பல பூமிகள் உருவாகிவிட்டன. ஒரு பூமியில் ஒரு சூப்பர்மேன், இன்னொன்றில் வயதான வேறொரு சூப்பர்மேன். குழப்பத்தைத் தீர்க்க, எல்லாப் பூமிகளையும் அழித்து ஒன்றாக்கிவிடுவது என்று முடிவானது. 7-வது இதழில் சூப்பர்கேர்ள் இறந்தார். 8-வது இதழில் ஃப்ளாஷ் ஆக இருந்த பேரி ஆலன் இறந்தார்.

இங்கேதான் முரண். புதியவர்களுக்காக எழுதப்பட்ட இந்தத் தொடர், புதியவர்களால் படிக்கவே முடியாத தொடர்களில் ஒன்று. பக்கத்துக்குப் பக்கம் டஜன் கணக்கில் பாத்திரங்கள். பலருக்கு அறிமுகம்கூட இல்லை. சூப்பர்கேர்ளின் உடலைத் தூக்கிக்கொண்டு சூப்பர்மேன் அழும் காட்சி, அவர்களோடு இருபது வருடம் பயணித்தவர்களை உலுக்கும். முதல் தடவை பார்ப்பவருக்கு, நேற்று வரை முகம் தெரியாத ஒருவரின் துக்க வீட்டுக்குள் நுழைந்துவிட்ட சங்கடம்தான் மிஞ்சும்.

அதோடு முடிந்ததா? இல்லை. அந்த ஒற்றைப் பூமியும் காலப்போக்கில் சிக்கலானது. 2005-ல் 'இன்ஃபினிட் கிரைசிஸ்' வந்தது. அதைப் புரிந்துகொள்ள 1985-ன் கதை தெரிந்திருக்க வேண்டும். அழிக்கப்பட்ட பல பூமிகள் திரும்பி வந்தன. 2008-ல் பேரி ஆலனும் உயிரோடு வந்தார். 2011-ல் 'ஃப்ளாஷ்பாயிண்ட்' என்ற 5 இதழ் தொடர் மறுபடியும் எல்லாவற்றையும் கலைத்துப்போட்டது. அதன் முடிவில் 'நியூ 52' என்ற பெயரில் 52 தொடர்கள் முதல் இதழிலிருந்து தொடங்கின. அங்கேயும் பேட்மேன், கிரீன் லேன்டர்ன் இருவரின் பழைய வரலாறு பெரும்பகுதி அப்படியே இருந்தது. மற்றவர்களுடையது மட்டும் மாறியது. சிக்கலைத் தீர்க்க வந்த ஒவ்வொரு கதையும் அடுத்த சிக்கலுக்கு முன்கதையானது.

மார்வெல் வேறு வழியில் போனது. பழைய உலகத்தைத் தொடாமல், 2000-ல் 'அல்டிமேட்' என்ற புது உலகத்தைப் பக்கத்திலேயே கட்டியது. 'அல்டிமேட் ஸ்பைடர்மேன்' தொடருக்கு எந்த முன்கதையும் தேவையில்லை. புதிய வாசகர்கள் நிஜமாகவே வந்தார்கள். ஆனால் பத்து வருடம்கூட ஆவதற்குள் அந்த உலகத்துக்கும் 'அல்டிமேட்டம்' என்று ஒரு பெரிய கிராஸ்ஓவர் வந்து, பாத்திரங்களைக் கொத்துக் கொத்தாகக் கொன்றது. 2015-ன் 'சீக்ரெட் வார்ஸ்' தொடரில் அந்த உலகமே அழிந்தது. புதியவர்களுக்காகக் கட்டிய வீடு, பழையவர்களுக்கான இன்னொரு திருவிழாவில் இடிந்துபோனது.

அப்படின்னா, இது யாருக்காக?

பதில் கதையில் இல்லை, கடையில் இருக்கிறது. அமெரிக்காவில் மாத இதழ்கள் பெரும்பாலும் காமிக்ஸ் கடைகள் வழியாகவே விற்கின்றன. கடைக்காரர் ஓரிரு மாதங்கள் முன்பே ஆர்டர் கொடுக்க வேண்டும். விற்காத இதழைப் பொதுவாகத் திருப்பித் தர முடியாது. அதனால், நிச்சயம் வாங்குவார் என்று தெரிந்த வாடிக்கையாளரை மனதில் வைத்துத்தான் அவர் ஆர்டர் போடுகிறார். அந்த வாடிக்கையாளர் மாதாமாதம் வருகிற பழைய வாசகர்.

கிராஸ்ஓவர் இந்த அமைப்புக்குக் கச்சிதமாகப் பொருந்துகிறது. மாதம் ஐந்து இதழ் வாங்குபவரை எட்டு இதழ் வாங்க வைக்கிறது. வழக்கமாக வாங்காத ஒரு நாயகரின் இதழையும், 'இதுல ஏதாவது முக்கியமா நடந்துடுமோ' என்ற பயத்தில் எடுக்க வைக்கிறது. புதிய ஆளை உள்ளே கொண்டு வருவதைவிட, உள்ளே இருப்பவரின் பையில் இன்னும் இரண்டு இதழைச் சேர்ப்பது சுலபம். 'புதியவர்களுக்கும் ஏற்றது' என்று விளம்பரம் சொன்னாலும், கணக்கு சொல்வது வேறு.

பணமும் கவனிக்கத்தக்கது. 1984-ல் 'சீக்ரெட் வார்ஸ்' இதழ் ஒன்றின் விலை 75 சென்ட். 2006-ல் 'சிவில் வார்' இதழ் ஒன்று 2.99 டாலர். இப்போது வரும் மாத இதழ் பெரும்பாலும் 3.99 அல்லது 4.99 டாலர். இருபது, இருபத்தைந்து பக்கக் கதைக்கு இந்த விலை கொடுத்து, கதையின் பாதி இன்னொரு இதழில் இருக்கிறது என்று தெரியவந்தால், புதியவர் அடுத்த மாதம் வரமாட்டார். அவருக்குப் போட்டியாகக் காத்திருக்கும் வெப்சீரிஸும் கேமும் ஏராளம்.

'சிவில் வார்': பாதி வாசல்

இதற்கெல்லாம் விதிவிலக்கே இல்லையா என்றால், இருக்கிறது. மார்க் மில்லர் எழுதி, ஸ்டீவ் மெக்நிவன் வரைந்து 2006-07-ல் வெளியான 'சிவில் வார்' அவற்றில் முக்கியமானது.

அது ஏன் புதியவர்களுக்கும் பிடிக்கிறது? அதன் மையக் கேள்வியைப் புரிந்துகொள்ள எந்த முன்கதையும் வேண்டாம். ரியாலிட்டி ஷோவுக்காக வில்லன்களைப் பிடிக்கப்போன இளம் நாயகர்களின் கவனக்குறைவால், ஸ்டாம்ஃபோர்டு என்ற ஊரில் பெரும் வெடிப்பு நடந்து பள்ளிக் குழந்தைகள் உட்பட நூற்றுக்கணக்கானோர் இறக்கிறார்கள். சக்தி உள்ள ஒவ்வொருவரும் அரசிடம் அடையாளத்தைப் பதிவு செய்ய வேண்டும் என்று சட்டம் வருகிறது. டோனி ஸ்டார்க் ஆதரிக்கிறார். கேப்டன் அமெரிக்கா எதிர்க்கிறார். பாதுகாப்பா, சுதந்திரமா என்ற இந்த விவாதத்தில் யாரும் தன் பக்கத்தைத் தேர்ந்தெடுக்கலாம்.

ஆனாலும் முழு வாசல் இல்லை. படித்துக்கொண்டே போகும் புதியவருக்கு, 'ஹல்க் எங்கே?' என்ற கேள்வி வரும். அவர் அப்போது வேறொரு கிரகத்தில் இருக்கிறார். அந்தக் கதை அவருடைய சொந்த இதழில் ஓடுகிறது. 4-வது இதழில் கோலியாத் என்ற நாயகர் கொல்லப்படுகிறார். கதையின் திருப்புமுனையே அதுதான். ஆனால் 1960-களிலிருந்து மார்வெல் கதைகளில் இருந்து வரும் பில் ஃபாஸ்டர் என்ற அந்த மனிதரைப் பற்றி முதன்மைத் தொடர் புதியவருக்குச் சொல்வது மிகக் குறைவு. 2-வது இதழில் ஸ்பைடர்மேன் உலகத்தின் முன் முகமூடியைக் கழற்றுகிறார். அவர் அந்த முடிவுக்கு எப்படி வந்தார், பின்னர் மனம் மாறி அணி மாறியது ஏன் என்ற உள்மனப் போராட்டம் விரிவாக வருவது 'அமேசிங் ஸ்பைடர்மேன்' இதழ்களில். கேப்டன் அமெரிக்காவின் கதைக்கு உண்மையான முடிவு, 2007-ல் அவருடைய சொந்தத் தொடரின் 25-வது இதழில், அவர் சுடப்படும்போதுதான் வருகிறது.

அதாவது, விவாதம் முதன்மைத் தொடரில் இருக்கிறது. மனிதர்கள் டை-இன் இதழ்களில் இருக்கிறார்கள். விவாதம் மட்டும் போதும் என்பவருக்கு 'சிவில் வார்' நல்ல தேர்வு.

படம் பார்த்துவிட்டு வருபவர்களுக்கு

இன்று புதிதாக வருபவர்களில் பலர் திரைப்படம் வழியாக வருகிறவர்கள். அவர்களுக்கு இன்னொரு ஆச்சரியம் காத்திருக்கிறது. 'இன்ஃபினிட்டி வார்', 'எண்ட்கேம்' படங்களுக்கு முக்கிய மூலமான 'இன்ஃபினிட்டி காண்ட்லெட்' 1991-ல் 6 இதழ்களாக வந்தது. எழுதியவர் ஜிம் ஸ்டார்லின். அதிலும் தானோஸ் உண்டு, பாதி உயிர்களை ஒரு நொடியில் அழிப்பதும் உண்டு. ஆனால் அதை அவன் செய்வது உலகத்தின் வளங்களைக் காப்பாற்ற இல்லை. மரணம் என்ற பெண்ணின் காதலைப் பெறுவதற்காக. அவனுக்கு எதிரான போரை நடத்துபவர் டோனி ஸ்டார்க் இல்லை, ஆடம் வார்லாக். படத்தில் கண்ணீர்விட வைத்த டோனியைத் தேடிப் போனவருக்கு ஏமாற்றம். புதுக் கதையாக நினைத்துப் போனவருக்கு, ஆறே இதழில் முடியும் அருமையான அண்டவெளிச் சாகசம்.

'எண்ட்கேம்' படத்தின் வெற்றியே கிராஸ்ஓவர் எப்படி வேலை செய்கிறது என்பதற்குச் சிறந்த பாடம். அது மார்வெல் திரை வரிசையின் 22-வது படம். 2008-ன் 'அயர்ன்மேன்' முதல் 11 வருடம் கூடவே வந்தவர்கள்தான் திரையரங்கில் அழுதார்கள். அந்த வரிசையின் முதல் படமாக ஒருவர் 'எண்ட்கேம்' பார்த்தால், யாரோ யாருக்காகவோ அழுகிறார்கள் என்றுதான் தோன்றும். 'முதல்ல இதைப் பாரு' என்று யாரும் நண்பருக்கு 'எண்ட்கேம்' பரிந்துரைப்பதில்லை. காமிக்ஸில் மட்டும் பதிப்பகங்கள் அதைச் செய்கின்றன.

விட்டுப் போனவர்களின் கணக்கு வேறு

கல்லூரி நாட்களில் படித்தவர், வேலை, வீடு, குழந்தை என்று பதினைந்து வருடம் விலகியிருந்தவர் திரும்பி வந்தால்? அவரிடம் புதியவரிடம் இல்லாத ஒன்று இருக்கிறது: பழைய பாசம். கிராஸ்ஓவர் வாசகரிடம் எதிர்பார்ப்பது தகவலைவிட அதைத்தான். இடையில் நடந்தது தெரியாவிட்டாலும், யார் யார் என்று தெரியும். யாருக்கு அடிபட்டால் வலிக்கும் என்று தெரியும்.

இதற்கு மிகச் சிறந்த உதாரணம், 2016-ல் டிசி வெளியிட்ட 'டிசி யுனிவர்ஸ்: ரீபர்த்' என்ற ஒற்றை இதழ். 80 பக்கம், விலை 2.99 டாலர். எழுதியவர் ஜெஃப் ஜான்ஸ். இதை ஒரு கிராஸ்ஓவர் என்பதைவிட, 'ஃப்ளாஷ்பாயிண்ட்' கிராஸ்ஓவர் செய்த சேதத்துக்குப் பரிகாரம் எனலாம். பேரி ஆலன் இறந்த பிறகு இருபது வருடங்களுக்கு மேல் ஃப்ளாஷ் ஆக இருந்தவர் வாலி வெஸ்ட். 2011-ன் மாற்றத்தில் அவர் அடியோடு காணாமல் போயிருந்தார். இந்த இதழில் அவர் உலகத்துக்கு வெளியே எங்கோ சிக்கிக்கொண்டு, பழைய நண்பர்கள் ஒவ்வொருவரிடமும் போய்த் தன்னை நினைவிருக்கிறதா என்று கேட்கிறார். யாருக்கும் நினைவில்லை. காதலித்து மணந்த மனைவிக்கும் நினைவில்லை. கடைசியாக, விடைபெற மட்டும் பேரியிடம் போகிறார். பேரிக்கு நினைவு வருகிறது.

வாலி வெஸ்ட்டைப் படித்து வளர்ந்தவருக்கு இது வெறும் கதை இல்லை. பதிப்பகம் கேட்கும் மன்னிப்பு. 'நீங்க நேசிச்சதை நாங்க மறக்கல' என்ற செய்தி. அதே இதழைப் புதியவர் படித்தால், முன்பின் தெரியாத ஒருவர் 80 பக்கம் அழுகிறார். ஒரே இதழ், இரண்டு வாசகர்கள், இரண்டு அனுபவம்.

ஆனால் விட்டுப் போனவர்களுக்கும் ஆபத்து இல்லாமல் இல்லை. பாசம் இருக்கும் இடத்தில் காயமும் படும். 1987-ல் ஸ்பைடர்மேனுக்கும் மேரி ஜேனுக்கும் நடந்த திருமணத்தைப் படித்து மகிழ்ந்தவர் 2008-ல் திரும்பி வந்திருந்தால், அந்தத் திருமணமே நடக்கவில்லை என்று ஆகியிருக்கும். 'சிவில் வார்' கதையில் முகமூடியைக் கழற்றிய விளைவாகத் துப்பாக்கிக் குண்டுக்கு இலக்கான மே அத்தையைக் காப்பாற்ற, பீட்டர் தம்பதி சாத்தானைப் போன்ற மெஃபிஸ்டோவிடம் தங்கள் திருமணத்தையே விலையாகக் கொடுத்த 'ஒன் மோர் டே' கதை 2007 இறுதியில் வந்தது. அதை இன்றுவரை மன்னிக்காத வாசகர்கள் உண்டு.

'புரியாம படிச்சாலும் சுகம்தானே?'

இதற்கு எதிர்வாதம் ஒன்று உண்டு. அதில் நியாயமும் உண்டு. சூப்பர் ஹீரோ காமிக்ஸை யார்தான் முதல் இதழிலிருந்து படித்தார்கள்? எல்லாருமே நடுவில் ஏறியவர்கள்தான். சிறு வயதில் ஒரு கிராஸ்ஓவர் இதழைக் கையில் எடுத்து, ஐம்பது பேர் ஒரே பக்கத்தில் பறப்பதைப் பார்த்து, 'இவங்கல்லாம் யாரு?' என்ற ஆர்வத்தில் மாட்டிக்கொண்டவர்கள் ஏராளம். தெரியாத உலகத்தைத் துண்டு துண்டாகச் சேர்த்துப் பார்ப்பதே ஒரு சுகம்.

உண்மைதான். ஆனால் அந்தச் சிறுவனிடம் கோடை விடுமுறை முழுவதும் இருந்தது. இதழ் விலை 75 சென்ட். வேறு பொழுதுபோக்கும் குறைவு. அலுவலகம் முடிந்து மெட்ரோவில் அரை மணி நேரம் கிடைக்கும் ஒருவரிடம் அதே பொறுமையைக் கேட்பது நியாயம் இல்லை. குழப்பம் சுவாரஸ்யமாக இருக்க வேண்டுமானால், அந்த ஒரு இதழாவது தன்னளவில் ஒரு கதையைச் சொல்லி முடிக்க வேண்டும். 'சீக்ரெட் வார்ஸ்' அதை ஓரளவு செய்தது. பின்னால் வந்த பலவும் செய்யவில்லை. 2008-ல் கிராண்ட் மாரிசன் எழுதிய 'ஃபைனல் கிரைசிஸ்' முதன்மைத் தொடரை மட்டும் படித்தால், கடைசி இதழில் வந்து நிற்கும் வில்லன் எங்கிருந்து வந்தான் என்றே தெரியாது. அவன் அறிமுகமானது 'சூப்பர்மேன் பியாண்ட்' என்ற தனி டை-இன் தொடரில். இது ஆர்வத்தைத் தூண்டும் குழப்பம் இல்லை. பாதிக் கதையை வேறு கடையில் வைத்துவிட்டு முழு விலையும் வாங்குவது.

உண்மையான வாசல் எங்கே?

கிராஸ்ஓவர்களின் வரலாற்றைக் கவனித்தால் ஒன்று தெளிவாகத் தெரியும். வாசல் அந்தக் கதைக்குள் இல்லை. கதை முடிந்த பிறகு வரும் மாதங்களில்தான் திறக்கிறது.

'கிரைசிஸ்' முடிந்த 1986-ல் ஜான் பைர்ன் சூப்பர்மேனின் கதையைத் தொடக்கத்திலிருந்து 'தி மேன் ஆஃப் ஸ்டீல்' என்ற 6 இதழ்களில் சொன்னார். 1987-ல் ஃபிராங்க் மில்லரும் டேவிட் மாசுகெல்லியும் தந்த 'பேட்மேன்: இயர் ஒன்' நான்கே இதழ்கள், இன்றும் பேட்மேனை அறிமுகப்படுத்த அதுதான் முதலில் நினைவுக்கு வருகிறது. 'ஃப்ளாஷ்பாயிண்ட்' குழப்பத்துக்குப் பின் 2011-ல் ஸ்காட் ஸ்னைடரும் கிரெக் கபுல்லோவும் தொடங்கிய 'பேட்மேன்' எத்தனையோ பேரை உள்ளே இழுத்தது. 2015-ன் 'சீக்ரெட் வார்ஸ்' பின்னணியில் தொடங்கிய டாம் கிங்கின் 'தி விஷன்', 12 இதழ்களில் ஒரு குடும்பக் கதையைச் சொல்லி முடிந்துவிடுகிறது. முன்கதை தெரிந்திருக்க வேண்டிய கட்டாயமே இல்லை.

எனவே, புதியவர்களுக்கு நடைமுறை ஆலோசனை எளிது. ஒரு நாயகர், ஒரு எழுத்தாளர், முதல் இதழ். அவ்வளவுதான். கமலா கான் என்ற பாகிஸ்தானிய அமெரிக்கப் பெண்ணின் கதையான 2014-ன் 'மிஸ் மார்வெல்', 12 இதழ்களில் முடியும் 'ஆல் ஸ்டார் சூப்பர்மேன்', 2024-ல் தொடங்கிய புதிய 'அல்டிமேட் ஸ்பைடர்மேன்', அதே ஆண்டு டிசி தொடங்கிய 'அப்சலூட் பேட்மேன்' ஆகியவை முன்கதை கேட்காத வாசல்கள். ஒரு நாயகர் மீது பிடிப்பு வந்த பிறகு, அவர் பங்கேற்கும் கிராஸ்ஓவருக்குப் போனால், அதே ஐம்பது பேர் பக்கத்தில் ஒரு முகமாவது சொந்தமாக இருக்கும்.

கிராஸ்ஓவரையே படிக்க வேண்டும் என்று விரும்பும் புதியவரும், திரும்பி வரும் பழைய வாசகரும் மூன்று கேள்விகளைக் கேட்டுப் பார்க்கலாம்.

ஒன்று, கதையை ஒரே வரியில் சொல்ல முடிகிறதா? 'சிவில் வார்' கதையைச் சொல்லலாம். 'இன்ஃபினிட்டி காண்ட்லெட்' கதையையும் சொல்லலாம். 'கிரைசிஸ்' கதையைச் சொல்லவே ஐந்து நிமிடம் ஆகும்.

இரண்டு, முதன்மைத் தொடர் மட்டும் தனியாக நிற்கிறதா? டை-இன் இதழ்களை இணைத்தால்தான் முடிவு புரியும் என்றால், தள்ளி வைப்பது நல்லது.

மூன்று, அது முடிந்துவிட்டதா? வெளிவந்துகொண்டிருக்கும்போது படிப்பதில் தலைவலி அதிகம். 2015-ன் 'சீக்ரெட் வார்ஸ்' 8 இதழ் என்று தொடங்கி 9 ஆக நீண்டது. 2016 ஜனவரியில்தான் முடிந்தது. ஆனால் அதன் முடிவுக்குப் பிறகு நடக்கும் கதைகளைச் சொல்லும் புதிய தொடர்கள் 2015 அக்டோபரிலேயே கடைக்கு வந்துவிட்டன. முடிவு தெரிவதற்கு முன்பே அடுத்த அத்தியாயம். முடிந்த கதையைத் தொகுப்பு நூலாகவோ, 'மார்வெல் அன்லிமிடெட்' போன்ற சந்தாச் செயலியிலோ படித்தால் இந்தத் தொல்லை இல்லை. அந்தச் செயலியில் புதிய இதழ்கள் சுமார் மூன்று மாதம் கழித்து வரும். பொறுத்திருப்பதே லாபம்.

பதிப்பகங்களுக்கும் ஒரு கடமை உண்டு. 'எல்லாருக்கும் ஏற்றது' என்று அட்டையில் போடுவதற்குப் பதில், எந்த இதழ்கள் அவசியம், எவை விருப்பம் என்று முதல் பக்கத்திலேயே நேர்மையாகச் சொல்லலாம். இதுவரை நடந்த கதையையும் புதிய முகங்களையும் இரண்டு பக்கத்தில் அறிமுகப்படுத்தலாம். இதற்குப் பெரிய செலவு ஆகாது. விற்பனை கொஞ்சம் குறையலாம். ஆனால் ஏமாந்து திரும்பும் வாசகர்களின் எண்ணிக்கையும் குறையும்.

கிராஸ்ஓவர் கெட்ட விஷயம் இல்லை. ஊர்த் திருவிழாவில் தேர் நிலைக்கு வரும் நாள் மாதிரி அது. கொடியேற்றத்திலிருந்து கூட நின்றவர்களுக்குத்தான் அந்த நாளின் அருமை முழுதாகத் தெரியும். பல வருடம் கழித்து ஊர் திரும்புபவருக்கும் அந்தக் கூட்டத்தில் நாலு முகம் தெரியும். முதல் தடவை அந்த ஊருக்கு வருபவரை மட்டும், தெரிந்தவர் யாராவது ஒரு வீட்டுக்கு முதலில் அழைத்துப் போவதுதான் மரியாதை. தேரை அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாம்.